நகத்துக்கு இரண்டு வளைவு

சனி இரவு பத்தே கால்.
அஸ்தம்பட்டி மாடி அறையில்
மின்விசிறியை நிறுத்திவிட்டேன்.
ஓடினால் பூச்சில் குமிழ் விழும்,
நின்றால் எனக்கு வியர்க்கும்.
வியர்க்கட்டும்.

அடிப்பூச்சு பால் வெள்ளை.
அது காயும்வரை எதையும் தொடக்கூடாது.
அப்போதுதான் மூக்கு அரிக்கும்,
அப்போதுதான் வீட்டுக்கார அம்மா
மோட்டாரை நிறுத்தச் சொல்லிக் கதவைத் தட்டுவார்.

அச்சு விலைக்கு வாங்குவதில்லை.
காயத்துக்கு ஒட்டும் காகித டேப்பை
நகத்தளவு நறுக்கி
நடுவில் நெளிநெளியாய் ஒரு பாதை வெட்டுகிறேன்.
பிரஷ், தீர்ந்துபோன ஐலைனருடையது.
பிளேடால் சிரைத்து
நான்கே இழை விட்டுவைத்திருக்கிறேன்.
புள்ளி வைக்கக் கொண்டை ஊசியின் உருண்டை முனை.

கொண்டை ஊசி கையில் இருக்கும்போது
வேறெதை வரைவது?
ஏற்காட்டுக்கு இருபது வளைவு,
எனக்குப் பத்து நகம்.

இடது சுண்டுவிரலில் அடிவாரம்.
ஐந்து விரல் ஏறியதும் பாதி மலை.
வலது கை போட்ட இந்தச் சாலையை
நெடுஞ்சாலைத் துறையே வந்து பார்த்தாலும்
குறை சொல்ல முடியாது.
பதினோராவது வளைவிலிருந்து
இடது கை ஓட்ட வேண்டும்.
அது இன்னும் எல் போர்டு.
தடுப்புச் சுவரில் இடிக்கிறது,
சதைமேல் ஏறிப் பள்ளத்தில் இறங்குகிறது.
ரிமூவரில் நனைத்த பஞ்சுக்குச்சியோடு
மண்சரிவை அள்ளிக்கொண்டே பின்னால் போகிறேன்.

டேப்பை ஈரத்திலேயே உரிக்க வேண்டும்,
காய்ந்தால் சாலையும் கூடவே வந்துவிடும்.
இதில் மட்டும் எனக்குப் பயமில்லை.
வாரத்தில் ஆறு நாள்
மனுசத் தோலிலிருந்து பிளாஸ்திரி உரிக்கிற கை.

செவ்வாய்க்கிழமை தியேட்டருக்கு வந்தவள்
நாகலூர் திலகமணி.
பித்தப்பையில் கல், வயது நாற்பத்தொன்று.
பத்து விரலிலும் கருநீலம்,
அதன்மேல் வெள்ளையில் மிளகுக்கொடி,
ஒவ்வொரு இலையிலும் நரம்பு.
"யாருக்கா போட்டுவிட்டது?"
"நாந்தாங்க. ரெண்டு ராத்திரி ஆச்சு."

விரலில் மாட்டும் கிளிப்புக்கு
வெறும் நகம் வேண்டும்.
கருநீலத்தைத் தாண்டி
ரத்தத்தின் மூச்சு அதற்குச் சரியாய்ப் படாது.
பத்தையும் அழிப்பதுதான் வழக்கம்.
மயக்க மருந்து டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார்.
நான் பஞ்சை நனைத்துக்கொண்டு நின்றேன்.
"எந்த விரல் சரியா வரல?"

பச்சை அங்கியில், வெறும் வயிற்றில்,
கண்ணைச் சுருக்கி
ஒவ்வொன்றாய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
அவசரமே படவில்லை.
வலது மோதிர விரலை நீட்டினாள்.
"இதுல எலை சப்பையாப் போச்சுங்க சிஸ்டர்."

திரையில் தொண்ணூற்றெட்டு.
ஒன்பது கொடி தூங்கியது.
கல் பதினொன்று,
சின்ன டப்பாவில் போட்டுக் கொடுத்தோம்.

மணி ஒன்று.
மொட்டைமாடியில் விரல்களை விரித்துக்கொண்டு நிற்கிறேன்.
எதிரே இருட்டில் ஒரு வண்டி மலை ஏறுகிறது,
விளக்கு தெரிகிறது, மறைகிறது,
கொஞ்சம் மேலே எதிர்ப்பக்கம் தெரிகிறது.
எத்தனையாவது வளைவென்று
நகத்தைப் பார்த்துச் சொல்ல முயல்கிறேன்.
பதினேழும் பதினெட்டும்
ஒன்றன்மேல் ஒன்று ஈஷிக் கிடக்கின்றன.
அங்கே எந்த வண்டியும் திரும்பாது.

நாளை இரவு எல்லாவற்றையும் அழித்தாக வேண்டும்.
திங்கள் ஏழு மணிக்கு டூட்டி,
நகப்பூச்சோடு உள்ளே விடமாட்டார்கள்.
ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் போட்ட சாலை.
என்றைக்காவது என்னை யாராவது
எந்த விரல் என்று கேட்டால்
யோசிக்காமல் நீட்ட ஒன்று இருக்கிறது.

முழங்கையில் ஒரு கொசு உட்கார்கிறது.
நிதானமாய்க் கால் ஊன்றி,
இடம் பார்த்து.
அடிக்க முடியாது.
இன்னும் ஐந்து நிமிடம்.