அருவங்காடு ஏர்வேஸ்

வெலிங்டனில் மாற்றலாகிப் போகும் மேஜர் வீட்டில்
பாத்திரமும் கம்பளியும் விலைக்குப் போட்டிருந்தார்கள்.
குக்கர் வாங்கப் போன நான்
நூற்றைம்பது ரூபாய்க்கு ஒரு லங்காஸ்டரோடு வந்தேன்.
அட்டைப் பெட்டியின் மேல் ஏதோ ஊர் எரிகிறது.
உள்ளே பாதி உடல் யாரோ ஒட்டியது,
பசையில் கட்டைவிரல் ரேகை.
சின்ன விரல். ஏழெட்டு வயதிருக்கும்.

"குக்கர் எங்கே?" என்றார் ஐசக்.

பிளேடு நுழைத்துப் பிரித்தேன்.
துப்பாக்கிகளுக்கு நகவெட்டி போதுமாக இருந்தது.
மூக்கிலிருந்த கண்ணாடிக் கூண்டைப் பிடுங்கிவிட்டு
காருக்குப் பூசும் பட்டியை அப்பினேன்:
முதல் நாள் கத்தரிக்காய்,
மூன்றாம் நாள் கொஞ்சம் மூக்கு.
காய வேண்டுமே. ஐப்பசி.
குன்னூர்ப் பக்கமிருந்து ஏறிவரும் மூட்டம்
குவார்ட்டர்ஸ் சன்னலில் வந்து உட்கார்ந்தால்
ஜாடியில் உப்பே அழுகிறது.

காலைச் சங்கு ஊதினால் நான் வேறு ஆள்.
கேட்டில் தடவிப் பார்ப்பார்கள், தீக்குச்சி உண்டா என்று.
இருபத்திரண்டு வருடத்தில்
ஒரு குச்சி கொண்டுபோனதில்லை.
உள்ளே செய்வதை வெளியே பேசக் கூடாது,
பேசியதுமில்லை.
இரவில் மெழுகுவத்தி ஏற்றி
மிச்சமான பிளாஸ்டிக் குச்சியைச் சுடரில் காட்டி இழுத்தால்
தலைமுடியாய் நீள்கிறது ஆன்டெனா.
ஊதி அணைத்துவிட்டு
ஏனோ வாசலைப் பார்க்கிறேன்.

பக்கத்துக்கு ஒன்பது சன்னல்,
ஒவ்வொன்றும் கடுகின் அகலம்.
ஆறாவது வழுக்கி ஒரு நூல் மேலே போய்விட்டது.
அங்கே உட்காருபவர் குள்ளமென்றால்
ஆகாயம் மட்டும்தான்.

அடுத்த பிளாக் ஜோகி வந்து தூக்கிப் பார்த்தார்.
"எங்கே இறங்கும் இது, ஊட்டி ரேஸ் கோர்ஸிலா?"
குதிரை ஓடாத மாதம் இறங்கட்டும் என்றேன்.
"குண்டெல்லாம் எங்கே, பியூலா?"
பதினான்கு. சட்டத்திலிருந்து வெட்டவேயில்லை,
வாழைச்சீப்பு மாதிரி பெட்டியிலேயே கிடக்கின்றன.
அந்த வயிற்றில் இனிமேல் பெட்டி படுக்கை.
"கேரட் மூட்டை ஏற்றுவாயா?"
ஏற்றலாம்.
"மகள் வீட்டுக்கு வர்க்கி?"
நொறுங்காது என்று சொல்ல முடியாது.

பெயர் ஒட்டும் தாளில் எல்லாம் பட்டாளத்து எழுத்து,
அதுவும் மஞ்சள் பிடித்துத் தண்ணீரில் உதிர்ந்தது.
ஆகவே தமிழில், பூஜ்ய நம்பர் பிரஷ்ஷில்
அருவங்காடு ஏர்வேஸ்.
இடம் போதாமல் கடைசி எழுத்து
வாலில் ஏறிக்கொண்டது.

பின்கூண்டில் இருந்தவன் மட்டும் மிஞ்சினான்.
உட்கார்ந்தவன், அரை விரற்கடை உயரம்,
இரண்டு கையும் முன்னால் நீட்டி
எதையோ பிடித்திருக்கிறான்.
பிடித்ததை நறுக்கியவள் நான்.
கையை மடக்கப் பார்த்தேன், முறியப் பார்த்தது.
நீலச் சட்டைக்கு வெள்ளை அடித்து
ஆறாவது சன்னலருகே வைத்தேன்.
நகத்துணுக்கு அளவில் செய்தித்தாள் கத்தரித்து ஒட்டினேன்,
விழுந்தது.
டீ கிளாஸாக ஒரு கசகசா. அதுவும் விழுந்தது.
முன்சீட்டுக்காரி
"ஒரு நிமிஷம் பிடிங்க" என்று குழந்தையை நீட்ட
வாங்கப் போகிறவனைப் போல் இருந்தான்.
அப்படியே விட்டு
உடலை மூடி ஒட்டினேன்.

வெள்ளிப் பெயின்ட் மூன்று பூச்சு.
இறக்கையில் பட்டாள வட்டம் ஒட்ட
அச்சிலேயே மெல்லிய கோடு விட்டிருக்கிறார்கள்.
தேய்த்துத்தான் பூசினேன்.
பகலில் ஒன்றுமில்லை.
சங்குக்கு முன்னால் எழுந்து
நாற்பது வாட் பல்பைச் சாய்த்துப் பிடித்தால்
இரண்டு வட்டம், இறக்கைக்கு ஒன்று.
ஐசக்குக்குத் தெரியவில்லையாம்.

மாசி வெயில் வரட்டும்.
நானூறாம் நம்பர் உப்புத்தாள்
இன்னும் கால் துண்டு இருக்கிறது.
குக்கர்தான் வாங்கவில்லை.