ரத்து

டெலிவரிப் பையன் நல்லதம்பிக்கு
உலகம் ஒண்டிக்கடையோடு முடிந்துவிடுகிறது.
அதற்கு மேல் பெட்ரோலுக்குக் கம்பெனி காசு தராது.
அட்டைப்பெட்டியைச் சுமந்துகொண்டு
அட்டைக்கடி வாங்க
அவனுக்கென்ன தலையெழுத்தா?

ஆகவே இருபத்தெட்டு வீட்டுக்கும்
முகவரி நான்தான்.
காப்பித் தோட்ட ஆபீஸ்,
கணக்கெழுதும் மேசை,
ஜன்னலோரம் சிக்னல் இரண்டு கோடு.

முதலில் நோட்டில்தான் குறித்தேன்.
ஐப்பசி ஈரத்தில் மை ஊறி
ஆறாம் நம்பர் செருப்பு எட்டாகிவிட்டது.
வெள்ளச்சி ஒரு வாரம்
படகில் போவதுபோல் நடந்தாள்.
அன்றைக்குத் திறந்ததுதான் இந்த எக்செல்.

பெயர். பொருள். கொடுத்த பணம்.
தேதி. நிலை. குறிப்பு.
தலைப்பு வரியை உறைய வைத்தேன்.
மார்கழியில் இங்கே
மற்றதெல்லாம் தானாகவே உறைந்துகொள்கிறது.
வந்துவிட்டால் பச்சை, திருப்பி அனுப்பினால் சிவப்பு,
மஞ்சள் என்றால்
அடிவாரத்தில் எங்கோ தூங்குகிறது என்று பொருள்.

‘வாடிக்கையாளர் வீட்டில் இல்லை’ என்று
போனுக்குச் செய்தி வரும்.
வாடிக்கையாளர் என் கண்ணெதிரே
களத்தில் கொட்டை கிளறிக்கொண்டிருப்பாள்.

கட்டம் குறுகினால்
பணம் இருந்த இடத்தில் தட்டிவேலி முளைக்கும்.
ஒருநாள் தேதிகள் எல்லாம் எண்ணாகிப்போயின:
குப்பாயி எப்போது கொடுத்தாள் என்றால்
நாற்பத்தையாயிரத்து இருநூற்றுப் பத்து என்றது.
‘அவ்வளவா குடுத்தேன்?’ என்று
அவளே பயந்துவிட்டாள்.

குப்பாயி கேட்டது குக்கர், ஐந்து லிட்டர்.
ஆயிரத்து நூற்றுத் தொண்ணூறு,
மிளகு வாசத்தோடு எண்ணி வைத்தாள்.
வியாழக்கிழமை வந்து
‘வேண்டாங் கண்ணு, ரத்து பண்ணிரு’ என்றாள்.
பணத்தை நீட்டினேன்.
இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால்
கட்டிக்கொண்டாள்.
‘அங்கியே கெடக்கட்டும்.’

அடுத்த மாதமும் அதே குக்கர், அதே ரத்து.
செங்காயிக்கு மிக்ஸி மூன்று முறை.
நிறம் பிடிக்கவில்லையாம்,
படத்தையே அவள் பார்க்கவில்லை.
பிறகு பழனியம்மா வந்து
கிரைண்டர் வேண்டும் என்றாள்.
அவள் வீட்டுக்குக் கரண்டே இன்னும் வரவில்லை.
அப்போதுதான் எனக்கு மண்டையில் ஏறியது.

சிவப்பு வரிகளை மட்டும் வடிகட்டிக் கூட்டினேன்.
பதினேழாயிரத்து நானூறு.
எந்த லாரியிலும் ஏறாத
எந்த வளைவிலும் திரும்பாத
பாத்திர பண்டங்கள்.

குறிப்புக்குப் பக்கத்தில்
ஒரு நெடுவரிசையைச் செருகினேன்.
தலைப்பு வைக்கவில்லை.
யாருக்கு எவ்வளவு என்று மட்டும் போட்டு
வலது சொடுக்கி,
மறை என்பதை அழுத்தினேன்.

சம்பள நாள் சாயங்காலம்
குப்பாயியின் புருஷன் சடையன் வந்தான்.
பட்டை வாடை முன்னால் வந்தது.
‘எம் பொண்டாட்டி உங்கிட்ட
எவ்வளவு குடுத்து வெச்சிருக்கா, காட்டு.’

திரையை அவன் பக்கம் திருப்பினேன்.
விரலை வைத்துத் தேய்த்துக்கொண்டே இறங்கினான்.
குக்கர், ரத்து.
குக்கர், ரத்து.
குக்கர்.
‘ஒரு முடிவுக்கு வரத் தெரியாத பொம்பள’ என்று
சிரித்துவிட்டுப் போனான்.

மேலே எழுத்துகள் வரிசையாக நின்றன.
எஃப்புக்கு அடுத்து ஹெச்.
ஆறாவது வரை படித்தவன்தான்.

இப்போது இரவில் விழிப்பு வந்தால்
கூட்டுத்தொகை நினைவுக்கு வருகிறது.
வங்கியில் அது என் பெயரில் இருக்கிறது,
வட்டியும் எனக்கே விழுகிறது.
அதற்கும் ஒரு கட்டம் போட்டேன்.
எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று
மூன்று பேரையும் கூப்பிட்டுச் சொன்னேன்:
பூட்டிவிடலாம், கடவுச்சொல் நீங்களே வையுங்கள்.

வெகுநேரம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.
சாமி பேரா, பிள்ளை பேரா என்றார்கள்.
கடைசியில் குப்பாயிதான் சொன்னாள்.
அதில் ஓர் எண் இருக்கிறது.
லிட்டர் கணக்கு.