ஒன்பதாவது கட்டம்

மார்கழி பிறந்தால்
என் மேசைக்குத் துவக்குகள் வரும்.
சாக்கில் சுற்றி, பழஞ் சாரத்தில் சுற்றி,
ஒருவர் பிள்ளையைத் துடைக்கிற துவாயில் சுற்றி.
இலக்கம் பார்ப்பேன், குழலின் நீளம் அளப்பேன்,
அனுமதிப்பத்திரத்தில் முத்திரை குத்துவேன்.
திருகோணமலைக் கச்சேரியில் பதினாறு வருடம்;
துவக்கின் சத்தம் எனக்கு
இந்த முத்திரையின் சத்தம்தான் இப்போது.

படிவத்தில் ஒன்பதாவது கட்டம்: எதற்காக?

தம்பலகாமத்து வயற்காரர் இஸ்மாலெவ்வை
வருடா வருடம் ஒரே சொல் எழுதுவார்: யானை.
சுட்டிருக்கிறீர்களா என்றால் சிரிப்பு.
"வானத்தப் பாத்து ரெண்டு வெடி, புள்ள.
மத்தப்படி அதுக்கும் எனக்கும் ஒரு பேச்சிரிக்கி."

இம்முறை புதிதாக ஒருவர்.
மத்திய வீதியில் நகைக்கடை, பெயர் தில்லைநடேசன்.
ஐப்பசி மழையில் ஓட்டைப் பிரித்து இறங்கியிருக்கிறார்கள்.
போன பவுன் கணக்கை ஒருதரம்தான் சொன்னார்.
நித்திரையாய்க் கிடந்த மகளின் கட்டிலடியில்
சேற்றுக் கால் ஒன்று பதிந்திருந்ததை
நாலு தரம் சொன்னார்.
"வீட்டுக்கு வீடு ஒன்று இருந்தால், தங்கச்சி,
எந்தக் கள்ளன் எந்த ஓட்டில் கை வைப்பான்?"

பதில் தெரியாமல் பதிவேட்டைப் புரட்டினேன்.
களவுபோன துவக்குக்கு ஒரு நிரல் உண்டு.
கைதவறி வெடித்ததற்கு ஒன்று.
பன்றிக்குக் கட்டிய கட்டுத்துவக்கில்
விறகுக்குப் போனவன் முழங்கால் இழந்ததை
'ஏனையவை' என்பதற்குள் எழுதியிருக்கிறேன், என் கையெழுத்துத்தான்.
உள்ளே துவக்கு இருக்கிறதென்று
படலையோடு திரும்பிப் போன கள்ளனுக்கு
நிரல் இல்லை.
அப்படிப் பத்துப் பேர் திரும்பினார்களோ,
ஒருவனும் வரவேயில்லையோ,
நடக்காத களவை யார் வந்து முறைப்பாடு செய்வது?
அதனால் அவரைப் பிழையென்றும் சொல்ல வரவில்லை.

அவரே மேலும் சொன்னார்:
"அந்த நாளில் சந்திக்குச் சந்தி துவக்கு.
ஒரு கோழி களவுபோனதோ?"

போகவில்லை.
தவநேசன் அண்ணாவின் ரலி சைக்கிள்
பாலையூற்றுச் சந்தியில் பூட்டாமல்
நாற்பத்தொரு நாள் நின்றது.
இருக்கையில் காகம் எச்சமிட்டது.
மணியைக்கூட ஒருவரும் கழற்றவில்லை,
அவ்வளவு ஒழுக்கம் ஊரில்.
அண்ணாதான் அதை எடுக்க வரவில்லை.
அம்மா போய் உருட்டி வந்தபோது
முன்சில்லில் காற்று இருந்தது,
அவன் அடித்த காற்று.

இதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை.
வரிசை நீண்டிருந்தது.

அவருக்குப் பின்னால் நின்ற நேசமலர்
துவக்கைத் திருப்பித் தர வந்தவர். கணவருடையது.
வயலைக் காக்கவென்று எடுத்தது.
"பூட்டித்தான் வச்சிருந்தது, மிஸ்" என்றார்.
நான் ஒன்றும் கேட்கவில்லை.
"திறப்பு அவரிட்டத்தானே இருந்தது."
தோட்டா எத்தனை மிச்சம் என்ற கேள்விக்கு
பையைக் கவிழ்த்து மேசையில் எண்ணினார்.
ஒன்று குறைந்தது.
நான் அந்த எண்ணிக்கையை எழுதினேன்.

தில்லைநடேசன் இதைக் கேட்டாரோ தெரியாது.
சுவரோரம் போய்ப் படிவத்தை முழங்காலில் வைத்து
வெகுநேரம் யோசித்து நின்றார்.
திருப்பித் தந்தபோது ஒன்பதாவது கட்டத்தில்
'கடைப் பாதுகாப்பு' என்பதை வெட்டி
'நித்திரை கொள்ள' என்று எழுதியிருந்தது.

இது ஏற்கக்கூடிய காரணமா?
சுற்றறிக்கையில் தேடினேன், இல்லை.
சிபாரிசும் இல்லாமல் மறுப்பும் இல்லாமல்
மேலே அனுப்பினேன்.
வாசலில் அவர் தவறவிட்ட பிரதியொன்றை
ஊர்மான் ஒன்று மென்றுகொண்டு நின்றது,
சைக்கிள்களுக்கு நடுவே, எவருக்கும் பயமில்லாமல்.

அன்றிரவு
பின்கதவுத் தாழ்ப்பாளைப் பார்க்க
மூன்று தரம் எழும்பினேன்.