விலகும் காரணம்

அப்பாசியாவில் முதலில் ஒரு வாடகை வில்லா.
நாற்பத்தொரு பிள்ளைகள்,
குளியல் தொட்டிக்குள் சுருட்டி வைத்த
தேசப்படங்கள்.
இப்போது ஆறாயிரத்துச் சொச்சம்.
ஒன்பதாம் வகுப்பு மட்டும்
'ஏ'யில் தொடங்கி 'டபிள்யூ' வரை போகிறது.

மாற்றுச் சான்றிதழ் எழுதுகிறவள் நான்.
என் பின்னால் இரும்பு அலமாரி,
அதில் சேர்க்கைப் பதிவேடு, மூன்றாம் தொகுதி.
தொண்ணூறு ஜூனோடு நீல மை நிற்கிறது.
அடுத்த வரி தொண்ணூற்றிரண்டு, கறுப்பு மை.
நடுவே யாரும் ஒரு கோடுகூடக் கிழிக்கவில்லை.
வரிசை எண் விடாமல் தொடர்கிறது.

காலையில் பெண்கள், மதியம் ஆண்கள்.
பெஞ்சுகளுக்கு மட்டும் ஷிப்ட் கிடையாது.
மெஹ்ருன்னிசா பாதியில் விட்ட கணக்கை
மேசையிலேயே எவனோ முடித்து வைத்தான்,
தப்பாக.
மறுநாள் அவள் அடித்துத் திருத்தினாள்.
மூன்று வாரம் நடந்தது இந்தப் போக்குவரத்து.
விடுமுறையில் பெயிண்ட் அடித்துவிட்டார்கள்.

தூசி கிளம்பிய நாளில் அசெம்பிளி இல்லை.
ஒலிபெருக்கியில் அடுத்தடுத்து இரண்டு தேசிய கீதங்கள்,
இரண்டுக்கும் இருமிக்கொண்டே நிற்கிறார்கள்.

படிவத்தில் பதினோராவது கேள்வி:
விலகும் காரணம்.
விசா ரத்து. கம்பெனி மூடல்.
அம்மாவும் பிள்ளைகளும் மட்டும் ஊருக்கு.
ஸ்டீபன் அருமைராசு, ஆறாம் வகுப்பு,
தானே பேனா வாங்கி எழுதினான்:
'தெரியாது. நாளைக்கு ஃப்ளைட்.'

'பெற்றோர் விருப்பப்படி' என்று தட்டச்சு செய்தேன்.
முத்திரை ஈரத்தை அவனே ஊதிக் காயவைத்தான்.
நூலகப் புத்தகம் ஒன்று பாக்கி என்றது திரை.
பாக்கி இல்லை என்று
டிக் போட்டேன்.