மூன்றேகால்

மருந்துக்கடை ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டு
பாலக்கோடு பேருந்து நிலையத்தின் பின்பக்கமாக
நான் வீடு சேர ஒன்பது இருபது.
ஒன்பதரைக்கு வகுப்பு.
வகுப்பென்றால்
சர்க்கரை டப்பாவில் சாய்த்துவைத்த கைபேசி,
கீறல் விழுந்த அதன் கண்ணாடி, நான்.

தொடங்கும்போது நாற்பத்தொரு பேர்.
குரூப் நான்கு எழுதுகிறவர்கள் சேரலாம் என்று
ஜெராக்ஸ் கடைச் சுவரில் என் எண்ணை ஒட்டியிருந்தேன்.
முதல் வாரம் முழுக்கக் காலை வணக்கம், ரோஜாப்பூ.
ஒருவர் கடன் தருவதாகச் சொன்னார்.
ஒருவர் என் புகைப்படம் கேட்டார்.
விதிகள் எழுதினேன்:
பூ அனுப்பக் கூடாது.
படிக்காமல் வரலாம், வராமல் இருக்கக் கூடாது.
மூன்று நாள் காணாதவரை நீக்குவேன்.
நீக்க நீக்கத்தான் அது வகுப்பானது.
மிஞ்சியது ஏழு பேர்.

டேட்டா மிச்சம் பிடிக்க முகங்களை அணைத்துவிட்டோம்.
எல்லோரையும் காதால்தான் தெரியும்.
ருக்மாங்கதன் பேசினால் பின்னால் தக்காளிப் பெட்டி இறங்கும்.
நஸ்ரீன் தாஜ் ஆறுகளின் பெயர் சொல்லி முடிப்பதற்குள்
அவள் வீட்டுக் குக்கர் மூன்று முறை குறுக்கிடும்.
தேன்கனிக்கோட்டைப் பக்கத்து முனிரத்னாவுக்கு
பாறைமேல் ஏறினால்தான் சிக்னல்;
யானை இறங்கிய இரவுகளில்
"இன்னிக்கு லீவு" என்று மட்டும் வரும்.
அதை நாங்கள் கணக்கில் சேர்ப்பதில்லை.
ஓசூரில் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வரும் பச்சையம்மாள்
சூளகிரியில் அறுந்துபோவாள்,
குருபரப்பள்ளியில் மறுபடி முளைப்பாள்.
நடுவில் என்ன போனது என்று கேட்டதே இல்லை.

நடத்துகிறவளுக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்று
யாரும் சொல்லவில்லை, நானே எடுத்துக்கொண்டேன்.
முந்தின இரவு படித்ததை
பிறந்ததிலிருந்து தெரிந்தவள்போலச் சொல்வேன்.
ஒருநாள் கணக்கு.
மூன்றேகால் மணிக்கு இரண்டு முள்ளுக்கும் நடுவே எத்தனை டிகிரி?
"ஜீரோ. ரெண்டும் மூணுலதான் நிக்கும். அடுத்தது."
ஏழு மைக்கும் அமைதி.
சரி என்கிறார்கள் என்று நினைத்தேன்.

முடிவு வந்த அன்று எங்களில் ஒரே பெயர்தான் தேறியது.
பச்சையம்மாள்.
நள்ளிரவு தாண்டி, ஒரு வார்த்தை இல்லாமல்,
குழுவிலிருந்து வெளியேறினாள்.
"வேலை கிடைச்சவங்களுக்கு நாம எதுக்கு மேடம்" என்றார் முனிரத்னா.
பெருந்தன்மையாக ஏதாவது எழுத நினைத்து
ஒரு கட்டைவிரலை மட்டும் போட்டேன்.

பத்து நாள் கழித்துக் கடைக்கு ஒரு பை வந்தது.
மூன்று நோட்டுகள்.
ஏன் போனாள் என்று எதிலும் இல்லை.
எல்லாமே பஸ் குலுக்கலில் எழுதியது,
வளைவு வந்த இடத்தில் வரி மேலேறி இறங்குகிறது.
இரண்டாம் நோட்டின் நடுவில் என் ஜீரோ.
அதன் பக்கத்தில், அழித்துவிடத் தோதாகப் பென்சிலில்:
அக்கா சொன்னது. ஆனா மணி முள்ளும் நகர்ந்திருக்குமே? ஏழரை.

ஏழரை என்றால் எங்கள் ஊரில் சனி.
சிரித்துக்கொண்டே சுவர்க்கடிகாரத்தைக் கழற்றித்
திருகிப் பார்த்தேன்.
பெரிய முள் மூன்றுக்கு வந்தபோது
சின்னது நூலளவு தாண்டிப் போயிருந்தது.
காய்ச்சல் மாத்திரை கேட்டு நின்றவர்
"மணி தப்பா ஓடுதாம்மா?" என்றார்.
ஆமாம் என்றேன்.

அன்று ஒன்பதரைக்கு ஆறு பேரிடம் சொன்னேன்:
"அந்தக் கடிகாரக் கணக்கு. ஜீரோ இல்ல, ஏழரை. என் தப்பு."
கொஞ்ச நேரம் தக்காளிப் பெட்டிச் சத்தம்.
பிறகு நஸ்ரீன்: "எனக்கு அப்பவே தோணுச்சுக்கா."
ருக்மாங்கதன்: "எனக்கும்தான்."
பாறைமேலிருந்து, விட்டு விட்டு, முனிரத்னா:
"இன்னும்... ஒரு நாலு... இருக்கு மேடம். சொல்லட்டா?"

சொல்லுங்க என்று
என் மைக்கை அணைத்தேன்.