வாலுக்கு ஒரு துளை

காரைக்குடி, கழனிவாசல் முக்கு.
காதர் மைதீன் டைலரிடம்
போனில் படத்தைக் காட்டினேன்.
பந்தயத்தில் பேர்போன பெண்குதிரை,
ஜப்பான்காரன் வரைந்ததில் என் வயசுப் பெண்.
நீலப் பாவாடை. உச்சந்தலையில் இரண்டு காது.

"அப்ப இந்தக் காது?"
தன் காதைத் தொட்டுக் கேட்டார்.
தெரியலை, முடி மறைச்சிருக்கு.

"வாலுக்கு ஓட்டை வேணும்ல?"
பட்டன் வாங்க வந்தவள் சிரித்தாள்.
அவர் சிரிக்கவில்லை.

"நெசக் குதிரை என்னாச்சு?"
கால் ஒடிஞ்சு, ஊசி போட்டுட்டாங்க.
"இதுல?"
இதுல ஓடி முடிச்சிடுறா.

சாக்கட்டி துணிமேல் அப்படியே நின்றது.
"குன்றக்குடி ரோடு. வண்டிப் பந்தயம்.
கொடி தெரியுற தூரம்"
என்றார், என்னிடம் இல்லை.

சனிக்கிழமை வாங்கினேன்.
துளையைச் சுற்றி இரட்டை நூல்.
உள்மடிப்பில், யார் கண்ணும் படாத இடத்தில்,
சிவப்பில் ஒரு பேர்:
சீனி.

துளைக்குக் கூலி வாங்கவில்லை.