எண்ணூறு கிராம்

சரக்கு ஏற்றும் கம்பிவடம் பழுது.
ஜூன் கடைசிவரை எல்லாமே லோவ்ரோவின் முதுகில்தான்.
மாவு, எண்ணெய், பேட்டரி, கயிறு எல்லாம் போக
மலைக்குடிலின் சமையல்காரி எனக்கு
அவன் ஒதுக்கியது எண்ணூறு கிராம்.
"கரண்டிதானே, கையில் அகப்பட்டதைப் போடு" என்றான்.

கையில் அகப்பட்டதைப் போட்டவள்தான் நான்,
போன வருஷம்.

போஹின் பள்ளத்தாக்கில் என் வீட்டு மேஜைமேல் தராசு.
சட்டிகள் மூன்று மணி நேரம் மேலே,
பூட்டிய குடிலில், பனிக்கு நடுவே.
ஒவ்வொன்றாக நினைவில் இறக்கி
அடியைத் தடவிப் பார்க்கிறேன்.

வார்ப்பிரும்புச் சட்டி எதற்கும் அஞ்சாது.
எஃகுத் திருப்பியால் சுரண்டச் சுரண்ட
இன்னும் வழவழப்பாகும்.
ஒருதரம் நைலான் கரண்டியை
அதன் விளிம்பில் சாய்த்துவிட்டு
வானிலை கேட்கப் போனேன்.
திரும்பி வந்தபோது கரண்டி மண்டியிட்டிருந்தது.
சட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை.
முட்டையில்தான் ஒரு கறுப்பு நூல்.
எஃகுத் திருப்பி, நூற்று எழுபது.
போகட்டும், அது வேண்டும்.

எனாமல் பானை யோதாவுக்கு.
புளித்த முட்டைக்கோஸும் பீன்ஸும்
மத்தியானம் முழுக்கக் கொதிக்கும்.
இரும்பில் வைத்தால் அந்தப் புளிப்பு
பல வருஷம் எண்ணெய் குடித்த தோலை
ஒரே நாளில் உரித்துவிடும்.
எனாமலுக்குப் புளிப்பு பொருட்டில்லை, அடிதான் ஆகாது.
உலோகம் பட்ட இடமெல்லாம் பென்சில் கோடு,
விளிம்பில் தட்டினால் சில்லு.
நானோ தட்டுகிறவள்.
கிளறி முடித்ததும் டக் டக் என்று இரண்டு தட்டு,
இல்லாவிட்டால் சமைத்த மாதிரியே இராது.
ஆக, என்னிடமிருந்து பானையைக் காக்க
செர்ரி மர அகப்பை, எழுபத்தைந்து.
ஊற்றுவதற்குக் குழிக்கரண்டி, நூற்று நாற்பது.

அப்புறம் அது.
ஸ்லாவிட்சா, எங்கள் மலைச்சங்கப் பொருளாளர்,
சொந்தக் காசில் வாங்கித் தந்த ஒட்டாத சட்டி.

ஆகஸ்டில் ஒரு சாயங்காலம் ஆலங்கட்டி மழை.
பத்தொன்பது பேர் நனைந்து வந்து
ஒரே குரலில் ஷ்மோர்ன் கேட்டார்கள்.
கனத்த முட்டை அடை அது.
பாதி வேகும்போதே
இரண்டு முள்கரண்டியால் பிய்த்துப் போட வேண்டும்,
மேலே சர்க்கரை.
பிய்த்தேன்.
கை பழக்கத்தில் போகிறது, சட்டியைப் பார்க்கவில்லை.
பரிமாறும் சன்னலுக்கு அந்தப் பக்கம்
ஈரக் காலுறையோடு ஸ்லாவிட்சா.
ஒரு வார்த்தை சொல்லவில்லை.
இரண்டு தட்டு சாப்பிட்டாள்.
பருவ முடிவுக் கணக்கில் ஒரு வரி வந்தது:
"சட்டி ஒன்று. கீறல் பதினாறு."
இரண்டு முள்கரண்டி, எட்டுப் பல், இரண்டு இழுப்பு.
கணக்கில் பிழை இல்லை.

குளிர்காலம் முழுக்க ஒத்திகை பார்த்தேன்.
இரண்டு மரத்துடுப்பால் பிய்த்தால் அடை நசுங்குகிறது.
சிலிக்கான் துடுப்பைக் கண்டால் அது நழுவிச் சிரிக்கிறது.
பிப்ரவரியில், எரிச்சலில்,
அடையை அப்படியே ரொட்டிப் பலகையில் கவிழ்த்தேன்.
பலகைமேல் முள்கரண்டி இஷ்டம்போல் மேயலாம்.
பிய்த்ததைத் திரும்பச் சட்டிக்குள் தள்ள மட்டும் சிலிக்கான்,
அறுபத்தைந்து.
பலகை மேலேயே இருக்கிறது, முள்கரண்டியும்.

கூட்டினேன். நானூற்றைம்பது.

லோவ்ரோ போனில் கேட்டான், எவ்வளவு என்று.
"சரியாக எண்ணூறு."
மீதி முந்நூற்றைம்பதுக்கு
ஒரு தட்டைக் குப்பியில் ப்ளம் சாராயம்.
அதற்குக் கரண்டி தேவையில்லை.

ஸ்லாவிட்சா புதுச் சட்டி வாங்கிவிட்டாளாம்.
யாரிடமும் கொடுக்க மாட்டாளாம்,
தன் முதுகிலேயே சுமந்து வருவாளாம்.
வரட்டும். பலகையைக் காட்டுவேன்.
குப்பியையும்.

பழையது படுக்கையறை மூலையில்
கூரை ஒழுக்கைப் பிடித்துக்கொண்டிருக்கும்,
பதினாறு கோட்டோடும்.
மழை அதை ஒரு கீறலும் கீறாது.